அடங்கும் வரை

மார்கழி விடியலில் நீரிலிருந்து எடுத்த வலைக்கயிறு, இவ்வளவு நேரம் யாரோ பிடித்திருந்துவிட்டு அப்போதுதான் கைவிட்டதுபோல், கதகதப்பாக இருந்தது.

மாதேஷ் உள்ளங்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டான். ஏரியூருக்கு அப்பால், காவிரி அணைநீராய்த் தேங்கிப் பரந்து கிடக்கும் அவ்விடத்தில், மூடுபனி கரையையும் மலையையும் ஒருசேர விழுங்கியிருந்தது. பாசியின் ஈரவாடையையும் பரிசலின் அடியை நீர் நக்கும் ஓசையையும் தவிர உலகத்தில் வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. ஒரு மாதமாக அவன் தனியாகத்தான் வருகிறான். அதற்கு முன்பெல்லாம் வலையின் மறுமுனையில், இன்னொரு பரிசலில், தங்கை கணவன் முனியப்பன் இருப்பான்.

கயிறு அதிர்ந்தது.

நீர்க்காகமாக இருக்கும். மீனைத் துரத்தி மூழ்கும் நீர்க்காகங்கள் வலைக்கண்ணியில் கழுத்தை மாட்டிக்கொள்வது வாடிக்கை. உயிரோடு தூக்கினால் சிறகடித்து நைலானைக் கிழித்துவிடும். ஆகவே அதிர்வு அடங்கும்வரை மாதேஷ் காத்திருப்பான். ஒரு பீடி எரிந்து முடியும் நேரம்.

"பாவம் மச்சான், அறுத்து வுட்டுரலாம். நாலு கண்ணிதானே போவும்?" என்பான் முனியப்பன்.

"வலை என்ன, எங்கப்பன் உனக்குக் குடுத்த சீரா? அடங்கட்டும், இரு."

ஒரு மாதத்துக்கு முன், அன்றும் இதே பனி. பனிக்குள் எங்கோ தொப்பென்று ஓர் ஓசை. கயிறு வெகுநேரம் அதிர்ந்தது. மாதேஷ் நிதானமாகப் பீடி பற்றவைத்தான். அடங்கிய பிறகு இழுத்தபோது வலை கனத்து வந்தது. கண்ணிகளுக்குள் முனியப்பனின் பத்து விரல்களும் கோத்திருந்தன.

"ண்ணா, அன்னிக்கி வலை ஆடவே இல்லீங்களா?" என்று தங்கை நஞ்சம்மாள் கேட்டாள்.

"ஆடலம்மா."

காரியம் முடிந்த பிறகும் கேட்டாள். நேற்று மாலையும், வாசலில் நின்று, அதையே கேட்டாள். அவனும் அதையே சொன்னான்.

கயிறு மறுபடி அதிர்ந்தது. இம்முறை பலமாக. பனிக்குள்ளிருந்து மெல்லப் பீடி வாடை வந்தது. அன்றோடு அவன் பீடியை விட்டிருந்தான்.

"யாருங்க அங்க?"

இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். அறுத்துவிட வேண்டும், எதுவானாலும், இன்று அறுத்துவிட வேண்டும். குனிந்து வலையைத் தூக்கினான். கத்தி நைலானைத் தொட்டது.

புது வலை.

ஒரு கணம்தான் தயங்கினான்.

கயிறு இழுத்தது. பரிசல் சாய்ந்தது. குளிர்ந்த நீர் வாய்க்குள், மூக்குக்குள். கத்தி கையில் இல்லை. கணுக்காலில் கண்ணி. கழுத்தில் கண்ணி.

கண்ணைத் திறந்தான். வலை நெடுகிலும் நீர்க்காகங்கள். வரிசை வரிசையாக. சிறகு விரித்தபடி. அத்தனை பச்சைக் கண்களும் அவனையே பார்த்தன. ஒன்றுகூட அசையவில்லை.

விரல்களைக் கண்ணிகளுக்குள் விட்டு உலுக்கினான். உலுக்கினான். மேலே கயிறு அதிரும். அதிர்ந்தால் தெரியும்.

தலைக்கு மேல் பரிசலின் வட்ட நிழல். அது காலியாக இல்லை. விளிம்பில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். சிவந்த பீடி முனை. அதன் வெளிச்சத்தில் ஒரு முகம்.

மாதேஷின் முகம்.

"நீர்க்காகமா இருக்கும்," என்றது அது. "அடங்கட்டும்."