செப்டம்பர் பதினேழு... சாட்சி பத்மஜா!

சரியாக நான்கு மணி.

போன் அடித்தது!

பத்மஜா முகமெல்லாம் சிரிப்பாக எடுத்தாள். புரொபசர் சௌந்தரராஜனின் நம்பர். தினமும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்... 'காபி ஆச்சா?'

கல்யாணம் ஆகாத, ஐம்பதைத் தொடப் போகிற, பவானிபூரில் ஒரு ஆளுக்கு மட்டும் சாதம் வைக்கிற ஒருத்தியிடம் அப்படிக் கேட்க, இந்த வங்காள ஊரில் இருந்த ஒரே ஆள் அவர்.

"ஆச்சு சார்! உங்களுக்கு?"

வேறு ஒரு குரல். வங்காள வாடை அடிக்கிற தமிழ்.

"மேடம்... நான் இன்ஸ்பெக்டர் நரேன். இந்த போன்ல டெய்லி நாலு மணிக்கு உங்க நம்பர்தான் இருக்கு. நீங்க அவரோட ரிலேட்டிவா?"

"இல்லை. சார் எங்கே?"

"லேப்ல. யாரோ தலையில அடிச்சு... அவர் இல்லை மேடம்."

பத்மஜா உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவரிடமிருந்து வந்த அழைப்பை அவள் 'மீட்டிங்' என்று வெட்டியிருந்தாள்!

சால்ட் லேக்கில் இருந்தது அவளுடைய கம்பெனி. வாட்டர் ஃபில்டர் வியாபாரம். சௌந்தரராஜன் பல்கலைக்கழகத்துக்காரர். சணல் நாரை வைத்துக் குடிதண்ணீரிலிருந்து ஆர்சனிக் விஷத்தைப் பிரிப்பது இரண்டு தரப்புக்கும் பொதுவான ஆராய்ச்சி. காசு கம்பெனியுடையது, லேபும் மெஷினும் பல்கலைக்கழகத்துடையது. கம்பெனி ஆட்களும் அங்கே போய்த்தான் டெஸ்ட் செய்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. யாருடைய நோட்டில் முதல் தேதி இருக்கிறதோ, கண்டுபிடிப்பு அவர்களுடையது!

அரை மணியில் லேபுக்கு வந்து சேர்ந்தாள்.

தரையில் வெள்ளைத் துணி மூடிய உருவம். பக்கத்தில் சிலிண்டர் திறக்கிற பெரிய ஸ்பானர். அதன் நுனியில் ரத்தம்.

நரேனுக்கு முப்பது வயது இருக்கலாம். இதே ஊரில், பெஹாலாவில் பிறந்து வளர்ந்தவன்.

"அப்பா போர்ட்ல வேலை. வீட்டுல மட்டும்தான் தமிழ். தப்பா பேசினா கோச்சுக்காதீங்க, மாஷி."

மாஷி! சித்தி என்று கூப்பிடுகிறான். அந்த நேரத்திலும் அவள் அவன் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாவு பன்னிரண்டரையிலேர்ந்து ஒண்ணுக்குள்ள. பர்ஸ் இருக்கு, வாட்ச் இருக்கு. அவரோட லேப் நோட் மட்டும் காணோம். அதுல என்ன இருந்தது?"

"தெரியாது. சார் அதை யாருக்கும் காட்ட மாட்டார். எனக்கும்தான். நாளைக்கு பேட்டன்ட் ஆபீஸ்ல தாக்கல் பண்ணப் போறதா சொன்னார். கிராமத்துக்கெல்லாம் சும்மா குடுத்துடணும்னு..."

கதவு திறந்தது.

ஹரீஷ்! பத்மஜாவின் மேலதிகாரி. போன செப்டம்பர் முதல் வாரம் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவன். இஸ்திரி கலையாத சட்டை, கையில் பச்சை அட்டை போட்ட தடி நோட்டு.

"டெரிபிள் நியூஸ், இன்ஸ்பெக்டர்! ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அந்தக் கண்டுபிடிப்பு எங்களோடது. இதோ பாருங்க! செப்டம்பர் பதினேழு. இதே லேப்ல, இதே மெஷின்ல நான் எடுத்த ரீடிங். தண்ணியில விஷம் ஜீரோ!"

"சாட்சி?"

"கீழே கையெழுத்து இருக்கே."

நரேன் பார்த்தான். நிமிர்ந்தான்.

"மாஷி... இது உங்க கையெழுத்தா?"

பத்மஜா எட்டிப் பார்த்தாள்.

அவளுடையதேதான்!

ஜனவரி மாதம். ஆடிட் வருகிறது என்று ஹரீஷ் அவள் மேஜைக்கே வந்தான். "அவசரத்துல அஞ்சு பக்கம் காலியா விட்டுட்டேன் மேடம். நீங்க சைன் பண்ணுங்க, நான் ஃபில் பண்ணிக்கறேன். ஆமா, சாப்டீங்களா?"

சாப்டீங்களா! அந்த ஒரு வார்த்தைக்கு அவள் ஐந்து வெற்றுப் பக்கங்களில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டாள். ஆராய்ச்சிக்கூடத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. தெரிந்தே போட்டாள். தனியாக இருக்கிறவர்களை வாங்குவது அவ்வளவு மலிவு.

'ஆமாம்' என்று தலையாட்டினால் வேலை தப்பும். செத்துப்போனவர் திருடனாகிவிடுவார். 'இல்லை, வெற்றுப் பக்கத்தில் போட்டேன்' என்றால் நாளைக்கு எந்த லேபும் அவளை வாசலில்கூட நிறுத்தாது.

ஹரீஷ் சிரித்தான். "சொல்லுங்க மேடம்."

"கையெழுத்து என்னோடதுதான்..."

"கேட்டுக்கிட்டீங்களா, இன்ஸ்பெக்டர்?"

"ஆனா நான் போட்டப்போ அந்தப் பக்கத்துல ஒரு எழுத்துகூட இல்லை!"

ஹரீஷின் முகம் ஒரு விநாடி வெளுத்தது. உடனே தேறிக்கொண்டான்.

"பொய்! அந்தக் கிழவர்கிட்ட தினம் போன்ல கொஞ்சறவங்க வேற எப்படிப் பேசுவாங்க? ஆபீசுக்கே தெரியும். பேச்சுத் துணைக்கு நாய்கூட இல்லாத பொம்பளை!"

பத்மஜாவுக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் அவள் பார்வை சுவரில் இருந்த ஒரு போட்டோவில் நின்றுவிட்டது.

"இன்ஸ்பெக்டர்... செப்டம்பர் பதினேழு இந்த ஊர்ல என்ன நாள்?"

நரேன் நெற்றியைச் சுருக்கினான். சட்டென்று கண்கள் விரிந்தன.

"ஆரே! பிஷ்வகர்மா புஜோ! இங்கே அதுதான் ஆயுத பூஜை! சின்ன வயசுல அன்னிக்கு முழுக்க மொட்டை மாடியில பட்டம் விட்டிருக்கேன். ஊர்ல ஒரு மெஷின் ஓடாதே!"

"அந்த போட்டோவைப் பாருங்க."

மெஷினுக்கு சாமந்தி மாலை. நெற்றியில் குங்குமம். பிடுங்கிய ப்ளக் மெஷின் தலைமேலேயே பத்திரமாக இருந்தது. பக்கத்தில் சௌந்தரராஜன், மாணவர்கள், பட்டுப்புடவையில் பத்மஜா. மூலையில் தேதி... பதினேழு!

"மறுநாள் காலையில சார்தான் மாலையை எடுத்தார். அதுவரைக்கும் ப்ளக்கை யாரும் தொடலை. தினமும் அவருக்கு இட்லி கொண்டு வர்ற நாகம்மா அன்னிக்கு மெஷினுக்கும் சேர்த்துக் கொண்டு வந்தா!"

ஹரீஷுக்கு வியர்த்தது.

"ஆயுத பூஜை அக்டோபர்லதானே! அந்த நாள்ல ரீடிங் எழுதிடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல தினம் ஒரு பூஜை, யாருக்கு நினைவு இருக்கு? தேதி ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கும்! எப்படியும் அவர் எழுதினது பதினெட்டாம் தேதி. நாங்க அதுக்கு முந்தி!"

நரேன் மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பினான்.

"பதினெட்டா?"

"ஆ... ஆமா."

"யாருக்கும் காட்டாத நோட்டு. மத்தியானத்துலேர்ந்து காணாமப் போன நோட்டு. அதுல பதினெட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், ஹரீஷ் பாபு?"

ஹரீஷ் கதவைப் பார்த்தான். கதவில் இரண்டு கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள்.

"கார் சாவி குடுங்க!"

டிக்கியில், ஸ்டெப்னி டயருக்கு அடியில் இருந்தது சௌந்தரராஜனின் நோட்டு.

நரேன் கடைசிப் பக்கத்தைப் புரட்டி அவளிடம் நீட்டினான். இன்றைய தேதி. நேரம் பன்னிரண்டு இருபத்தைந்து. கண்டுபிடித்தவர்கள் என்று எழுதி, கீழே இரண்டு பெயர்கள்.

சௌந்தரராஜன்.

பத்மஜா!

"நானா? நான் என்ன பண்ணினேன்?"

அடியில் அவருடைய கோழிக் கிறுக்கல்... 'சணலைப் புளித்தண்ணீரில் வேகவைத்துப் பார்த்தால் என்ன என்று போனில் கேட்டது இவர்தான். பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற ஞானம். போன் செய்து சொல்ல வேண்டும்.'

அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார். அவள் வெட்டிவிட்டாள்.

தன் கண்டுபிடிப்பையே திருட, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த முட்டாள் இந்த உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பத்மஜா வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மறுநாள். போலீஸ் ஸ்டேஷன்.

சுவர்க் கடிகாரம் நான்கு காட்டியது. பத்மஜாவின் கை தானாகக் கைப்பையில் இருந்த போனுக்குப் போனது. அது அடிக்கவில்லை. இனிமேல் நான்கு மணி என்பது மூன்று மணி மாதிரி, ஐந்து மணி மாதிரி ஒன்று.

மேஜையில் ஒரு பேப்பர் கப் வந்து உட்கார்ந்தது.

"மாஷி..." நரேன் தலையைச் சொறிந்தான். "காபி ஆச்சா?"

அவள் கப்பை எடுத்துக் குடித்தாள். கழுநீர் மாதிரி இருந்தது. முழுவதையும் குடித்தாள்.

"ஹரீஷ் ஒத்துக்கிட்டான். உங்க வேலை?"

"காலையிலேயே போயாச்சு. ஈமெயில் வந்தது."

"இது உங்க வாக்குமூலம். பதினாலு பக்கம். கடைசியில ஒரு சைன் போட்டா வீட்டுக்குப் போகலாம்."

அரை மணி நேரம் போனது.

"மாஷி... இன்னும் மூணாவது பக்கத்துலயே இருக்கீங்க?"

பத்மஜா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னொரு காபி சொல்லுப்பா. படிக்காம கையெழுத்துப் போடறதை நேத்தோட விட்டுட்டேன்!"