வண்டி வராத தெரு

ஒரு மணி நேரமாக அந்தத் தெருவில் ஒரு வண்டிகூடப் போகவில்லை.

மடியில் நோட்டை விரித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். சைக்கிளுக்கு ஒரு கோடு, காருக்கு இரண்டு, லாரிக்குப் பெருக்கல் குறி. வீடு பார்க்கப் போகும் தெருவில் எல்லாம் ஐந்து மணியிலிருந்து ஆறு வரை உட்கார்ந்து இப்படி எண்ணாமல் அவள் சரி என்று சொல்லமாட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்பு, வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு அவள் போன் பேசிய அரை நிமிடத்தில், ஐந்து வயது மகன் தம்பு சாலைக்கு ஓடினான். வந்தது லாரி. அன்றிலிருந்து இந்த எண்ணிக்கைதான்.

"இது பதினேழாவது தெரு. இதுவும் பிடிக்கலன்னா ஆகாயத்துலதான் குடி போகணும்," என்று சொல்லிவிட்டுக் கணவன் உள்ளே போய் அறைகளை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். எட்டு வயது மகள் பாப்பா அவளை ஒட்டி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆளில்லாத தெரு என்றும் சொல்ல முடியாது. ஜன்னல்களில் வெளிச்சம் இருந்தது, எந்த வீட்டிலோ வாஷிங் மெஷின் ஓடியது, ஒவ்வொரு வாசலிலும் ஒரே ஒரு ஜோடி சின்னச் செருப்பு கிடந்தது. ஆனால் ஒரு குழந்தையின் குரல் இல்லை, ஒரு நாய் இல்லை. காற்றில் மட்டும் டயர் தேய்ந்து கருகிய வாடை லேசாக வந்து வந்து போனது, அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை என்பதால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரம்மா செடிக்குத் தண்ணீர் விட்டபடியே கேட்டாள். "குழந்தைங்க எத்தனை?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் எங்கே போனாலும் தடுமாறுவாள். ஒன்று என்று சொன்னால், அவனை இன்னொரு தடவை சாகக் கொடுத்த மாதிரி இருக்கும்.

"ரெண்டு," என்றாள்.

அந்த அம்மா பாப்பாவைப் பார்த்தாள். இன்னொன்று எங்கே என்று கேட்கவில்லை.

"எனக்கும் ரெண்டு. இங்க ஆறு மணிக்கு எல்லாரும் வாசலுக்கு வந்து கூப்பிடுவோம். நீங்களும் கூப்பிட்டா வந்துடும்." குழாயை மூடினாள். கண் கலங்கியிருந்தது. "ஆனா கூப்பிடுறதுக்கு முன்னாடி கையில இருக்கறதப் பாத்துக்கோங்க. நான் பாக்காம விட்டுட்டேன். இந்தத் தெரு வீட்டுக்கு ஒண்ணத்தான் விட்டு வைக்கும்."

இதென்ன பேச்சு என்று கேட்க நினைத்தவள் பாப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குத் தெருவிளக்குகள் எரிந்தன. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வாசலுக்கு வந்த ஒரு அம்மாவோ அப்பாவோ, காலியாகக் கிடந்த தெருவைப் பார்த்து, விளையாடியது போதும் என்கிற அதட்டலும் கெஞ்சலுமாக ஒரு பெயரைக் கூப்பிட்டு, ஒரு குழந்தை உள்ளே நுழைகிற நேரம் கதவைப் பிடித்தபடி நின்று, பிறகு சாத்திக்கொண்டார். தார் ரோட்டில் வெறுங்கால்கள் ஓடுவது கேட்டது. ஓடியவர்கள் யாரும் கண்ணில் படவில்லை.

"யாரும்மா ஓடுறாங்க? எனக்குப் பயமா இருக்கு. போலாம்மா," என்றாள் பாப்பா.

போகலாம். எழுந்தால் போதும். அவள் எழவில்லை. இரண்டு வருடமாகத் தலையணையில் முகம் புதைத்துக் கூப்பிட்ட பெயர் தொண்டையில் வந்து நின்றது. கையில் இருப்பவளைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்த பிறகுதான் கூப்பிட்டாள்.

"தம்பு."

தெருமுனையில் காலடி. ஓட்டம். கருகிய வாடை. பக்கத்தில்.

"அம்மா, கைய விடாத."

விடவில்லை. பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். விரல்கள் சிறுத்தன. சூடு போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கணவன் டேப்பைச் சுருட்டியபடி வெளியே வந்தான். "சமையலறைதான் கொஞ்சம் சின்னது, சமாளிச்சுக்கலாம். டேய் தம்பு, அம்மாவக் கை கொடுத்துத் தூக்கி விடுடா."

கண்ணைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தம்பு நின்றான். ஏழு வயதுக்கு வளர்ந்திருந்தான்.

"பாப்பா எங்கங்க?"

கணவனின் முகம் உடைந்துபோனது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "ரெண்டு வருஷமாச்சும்மா. அவ போய்ட்டா. இன்னும் எத்தனை தெருவுல உக்காந்து லாரிய எண்ணிக்கிட்டு இருப்ப? இவனையாவது பாரு."

பார்த்தாள். அள்ளி அணைத்து முகம் முழுக்க முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

தெருமுனையில், விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்தில், பாப்பா நின்றுகொண்டிருந்தாள். ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாயைத் திறந்தாள்.

தம்பு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"கூப்பிடாதம்மா," என்றான்.