சாம்பிராணி வரும்வரை

மிலானில் கொள்ளைநோய் வந்த வருடம், எங்கள் பேராயர் அரண்மனைத் திரைச்சீலைகளை எல்லாம் இறக்கி ஏழைகளுக்கு உடை தைக்கக் கொடுத்துவிட்டார். அதனால் தெருவில் பாதிப் பேர் திரை போட்ட ஜன்னல்களைப் போல இருந்தோம். அதைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போகத்தான் வழியில்லை. நோய் பரவாமலிருக்க எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று உத்தரவு; வாசலைத் தாண்டினால் தூக்கு.

பத்து வயது ஓர்சோலா தன் ஜன்னலிலிருந்து எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தாநாள் அந்த வீட்டு அம்மாவை நோயாளிகள் வண்டி ஏற்றிப்போனது. உள்ளே ஆறு வயது ஜெல்மினா தனியாக இருந்தாள். ஜன்னல் கதவு திறக்கவேயில்லை.

கீழே பாசானோவின் ரொட்டி வண்டி வந்தது.

"பாசானோ மாமா, அந்த வீட்டுக்கும் குடுங்க!"

"முகத்தைக் காட்டினாத்தான் ரொட்டி. செத்தவங்க பேரைச் சொல்லி வாங்கித் தின்ன தெருவாச்சே இது!"

"ஏய் ஜெல்மினா, திறடி!"

கதவுக்குப் பின்னால் மெல்லிய குரல். "மாட்டேன். கெட்ட காத்து வரும். அம்மா திறக்கக் கூடாதுன்னு சொன்னா."

"குரல் கேக்குதுல்ல மாமா?"

"எனக்குக் கேக்குது கண்ணு. கூட வந்த அதிகாரிக்குக் கேக்கலையே."

அதிகாரி வானத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் திறக்கலேன்னா ஆளில்லாத வீடுன்னு பலகை அடிச்சிருவாங்க" என்றார் பாசானோ, தணிந்த குரலில்.

பக்கத்து வீட்டுக்காரர் ஜெல்மினாவைத் திட்டிப் பார்த்தார். மாடிவீட்டம்மா அழுது பார்த்தாள். கதவு அசையவில்லை.

அப்போது முச்சந்தியில் மணி அடித்தது. ஜன்னலிலிருந்தே எல்லோரும் பூசை காணட்டும் என்று பேராயர் அங்கே பீடம் வைக்கச் சொல்லியிருந்தார். சாமியார் தூபக்கலசத்தை எடுத்தார்.

"ஜெல்மினா! சாம்பிராணி போட்டா கெட்ட காத்து ஓடிரும்னு உங்கம்மாதானே சொல்லுவாங்க?" என்று கத்தினாள் ஓர்சோலா.

கதவுக்குப் பின்னால் குரல் கிட்டே வந்தது.

"ஆமா. ஆனா இங்க வாசனையே வரலையே."

ஓர்சோலா பாதி உடம்பை வெளியே நீட்டினாள். "சாமி! கொஞ்சம் இந்தப் பக்கம் வீசுங்க!"

"பூசை நடக்குதுடி, அடங்காப்பிடாரி!" அப்பா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

சாமியார் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் வாய் லத்தீனை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. கால்கள் மட்டும் ஜெல்மினா வீட்டடிக்கு வந்து நின்றன. தனக்கே இருமல் வரும்வரை வீசினார்.

கதவு விரலளவு திறந்தது. முதலில் ஒரு மூக்கு வந்தது. முகர்ந்து பார்த்தது. பிறகு முகம் வந்தது.

"முகம்! முகம்!" என்று தெருவே கத்தியது. அதிகாரி வேறு வழியில்லாமல் பார்த்தார். கயிற்றில் இறங்கிய கூடையில் பாசானோ இரண்டு ரொட்டிகளை வைத்தார்.

"அம்மா எப்ப வருவா?" என்று கேட்டாள் ஜெல்மினா.

தெருவில் நாற்பது ஜன்னல்கள். எல்லாம் சாமியாரைப் பார்த்தன.

"தெரியலடி" என்றாள் ஓர்சோலா. "நான் இங்கயேதான் இருக்கேன். நீ தின்னு."

பூசைப் பாட்டு தொடங்கியது. எங்கள் சாரி ஒரு வரி பாடியது. எதிர்ச்சாரி பாடிய அடுத்த வரியில், வாய் நிறைய ரொட்டியோடு ஒரு குரல் சேர்ந்துகொண்டது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. யாரும் திருத்தவில்லை.