நாலாவது தட்டு

மூணு தட்டினால் மூணு வரணும். நாலு வந்தது.

தமிழ்மணி கையிலிருந்த மரச்சுத்தியலைப் பார்த்தான். முதுநகரைத் தாண்டி ஒரு கம்பெனியின் பின்கட்டில், சித்திரை வெயிலில் கொதித்துக் கிடந்த எண்ணெய்த் தொட்டியின் முதுகில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தான். தொட்டியின் திறந்த வாயிலிருந்து அழுகின முட்டை நாற்றம் எழும்பி மூக்கை அறுத்தது. உள்ளே இறங்கிக் கசடு வழிப்பது தங்கச்சி சரண்யாவின் புருஷன் திருநாவுக்கரசு. பொறி பறந்தால் எல்லாம் போச்சு என்பதால் போனும் இரும்பும் உள்ளே ஆகாது. தூர மூலைக்குப் போய்விட்டால் குரலும் கலங்கிப்போகும். அதனால் ஆளுக்கொரு மரச்சுத்தியல். வெளியாள் மூணு தட்டணும், உள்ளாள் மூணு தட்டணும். உசுரோட இருக்கேன் என்று அர்த்தம். பழகிப்போய் திருநாவு வீட்டுக் கதவைக்கூட மூணு தட்டுத்தான் தட்டுவான்.

"மாப்ள, எதுக்கு நாலு?"

"மூணுதான் தட்டுனேன் மச்சான். ஒனக்கு மண்ட காஞ்சிபோச்சு, மோரக் குடி."

கீழே நின்ற சேஃப்டி மேடம் பிரிசில்லா சிரித்தாள். "இரும்புல சத்தம் காத்த விட பதினஞ்சு மடங்கு வேகமா ஓடும்ண்ணே. ஒரே தட்டு இரும்பு வழியா முன்னாடி வரும், காத்து வழியா பின்னாடி வரும். அதான்."

அப்படியென்றால் மூணும் ரெண்டு ரெண்டாக வந்து ஆறு ஆகணுமே. படித்தவளிடம் எப்படிக் கேட்பது? மோர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான்.

திருநாவு முனக ஆரம்பித்தான். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சுதி உண்டு, அதைப் பிடித்துவிட்டால் தொட்டியே கூடப் பாடும் என்பான். அவனுக்கு அது ஒரு கிறுக்கு. குரலை இறக்கி இறக்கிக்கொண்டு போனவன் ஓரிடத்தில் பிடித்துவிட்டான். தகடு முழுக்க 'ம்ம்ம்' என்று அதிர, டம்ளர் மோரில் வட்டம் வட்டமாய் நடுக்கம் ஓடியது, தமிழ்மணிக்குக் கடவாய்ப்பல் கூசியது.

"இதுவும் சயின்ஸ்தாண்ணே, ரெசனன்ஸ்" என்று சொல்லிவிட்டு பிரிசில்லா ஆபீஸ் பக்கம் போனாள்.

"பாத்தியா மச்சான், கூடப் பாடுது!"

அவன் பேசினான். முனகுவதை நிறுத்திவிட்டுத்தான் பேசினான்.

தொட்டி நிறுத்தவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் அது அடங்கியது. உள்ளேயிருந்து கயிறு ஆட, வாளியை இழுத்து மேலே வைத்தான். இடுப்புக்குக் கயிறு கிடையாது. கம்பெனி கொடுத்தது வாளிக்கு ஒண்ணுதான். கசடு கொட்டும் பீப்பாய் நிறைந்திருந்ததால் வாளியை அப்படியே வைத்திருந்தான். மூணு தட்டினான். மூணு வந்தது. அப்பாடா. பத்து நிமிஷம் கழித்து மூணு. இன்னொரு பத்து. மூணு, கணக்காக. காலி வாளியைத் திருநாவு கேட்கவேயில்லை. பதில்தான் வருதே.

புதுப் பீப்பாய் வந்தது. வாளியைக் கவிழ்த்தான்.

கசடோடு ஒரு மரச்சுத்தியல் விழுந்தது. பிடி முறிந்திருந்தது. திருநாவுடையது. மாற்றிக் கொடு என்று அனுப்பியிருக்கிறான்.

அப்போ இவ்வளவு நேரம் தட்டினது?

உள்ளே வெளிச்சம் காட்ட வைத்திருந்த கண்ணாடித் துண்டில் வெயிலை வாங்கி உள்ளே திருப்பி அடித்தான். திருநாவு குப்புறக் கிடந்தான். முகம் கசடுக்குள். கை ரெண்டும் வயிற்றுக்கு அடியில்.

தட்டு வந்தது. இவன் தட்டாமலே. மூணு.

போஸ்ட்மார்ட்டம் முடிந்து மூணாம் நாள் உடலைச் சிதம்பரத்துக்குக் கொண்டுவந்தார்கள். சரண்யாவின் வாடகை வீட்டில் ஃப்ரீசர் பெட்டி. பட்டப்பகல். மேளக்காரர்கள் டீக்குப் போயிருந்தார்கள். பெட்டியின் மோட்டார் 'ம்ம்ம்' என்று ஓடியது.

அதே சுதி.

தமிழ்மணிக்குக் கடவாய்ப்பல் கூசியது. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

பெட்டி நிறுத்தவில்லை.

"அண்ணே..." சரண்யா மூடியில் காதை வைத்திருந்தாள். "அவுரு தட்றாரு."

"அது அவன் இல்லம்மா. தள்ளி வா."

"மூணு தட்டு! எனக்குத் தெரியாதா?"

விரல் முட்டியால் கண்ணாடியில் தட்டினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு.

உள்ளேயிருந்து பதில். மரச்சுத்தியலால் தட்டும் சத்தம். ஒண்ணு. ரெண்டு. மூணு.

மூணு நாளில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. கொக்கியை விலக்கினாள். தமிழ்மணி தடுக்கக் குனிந்தான். கண்ணாடிக்குள் மாலையும் மஞ்சளுமாகத் திருநாவு. துணிக்கிழிசலில் சேர்த்துக் கட்டிய கைக் கட்டைவிரல்கள், கட்டினபடியே, அசையாமல்.

சரண்யா மூடியைத் தூக்கினாள். உள்ளேயிருந்து இன்னொரு தட்டு.

நாலு.