கரடியூத்துத் தவளையும் திருப்பிப் பிடித்த லென்ஸும்

"ஒரு பைதான்! அதுக்கு மேல ஒரு குண்டூசி கூட அக்கரைக்குப் போகாது!"

கரடியூத்து ஓடைக்கரையில் நின்று வனக்காவலர் பேச்சியம்மாள் கத்தினாள். கத்தாமல் என்ன செய்வாள்? ஓடை போட்ட இரைச்சல் அப்படி! இரண்டு கரை மரங்களுக்கும் இடையே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் கடக்க வேண்டும். நனையாத பை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் கேமராவும் ஒரு லென்ஸும் மட்டும்தான் கொள்ளும்.

"அப்போ பீரங்கிதான் வரும்" என்றாள் ஆராய்ச்சி மாணவி ஜெர்லின்.

பீரங்கி என்றால், எட்டி நிற்கிற யானையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் நீள லென்ஸ். திருநெல்வேலிக் கடையில் வாடகைக்கு எடுத்தது. "சின்னப் பூச்சி எடுக்கிற மேக்ரோ லென்ஸ் இருக்கு, அதைக் கொண்டு போங்களேன்" என்று கடைக்காரர் சொல்லத்தான் சொன்னார். இவள் கேட்டால்தானே!

"போன மழையில கிட்டப் போனேன், குதிச்சு ஓடிருச்சு. இந்தத் தடவை எட்ட நின்னே பிடிப்பேன்!"

அவள் பிடிக்க வந்த புதையல் ஒரு தவளை. கைவிரல் நகத்தளவுதான் இருக்கும். வயிற்றில் செம்மஞ்சள் பட்டை. அதைத்தான் ஜெர்லின் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்கே தலைப்பாக வைத்திருந்தாள். ஆனால் பார்த்த அன்றைக்கே செல்போன் ஓடையோடு போய்விட்டது, சாட்சிக்கு ஒரு படம் கூட மிஞ்சவில்லை. "கதை நல்லா விடுறியேம்மா! பட்டையும் விரல் நுனியும் தெளிவாத் தெரியற படம் கொண்டா. இல்லேன்னா தலைப்பை மாத்து" என்றுவிட்டார் பேராசிரியர் வைகுண்டம். மழை ஓய்ந்தால் தவளை வாயை மூடிக்கொள்ளும், அப்புறம் எங்கே போய்த் தேடுவது? இதுதான் கடைசி வாய்ப்பு.

கேமரா சாகுலுடையது. அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இப்போது மேலப்பாளையத்தில் கல்யாண போட்டோகிராபர். பீரங்கியைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"என் அம்பது எம்.எம். குட்டி லென்ஸ் இல்லாம நான் ஒரு கல்யாணத்துக்குப் போனதில்ல. அதை விட்டுட்டு வரமாட்டேன்!"

"இது என்ன கல்யாணமா? தவளைக்கு மேக்கப் போட்டா உக்கார வைக்கப் போறோம்?"

அவன் டிபன் டப்பாவில் இருந்த எலுமிச்சம்பழச் சோற்றை மூன்று பேருக்கும் பங்கு வைத்தான். டப்பாவைத் துடைத்தான். அந்தக் குட்டி லென்ஸைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி உள்ளே வைத்து மூடி, தலையில் துண்டால் கட்டிக்கொண்டான். பேச்சியம்மாளே சிரித்துவிட்டாள்.

இறங்கினார்கள். தண்ணீர் காலை வாரியது. நடு ஓடையில் சாகுல் சறுக்கினான்!

"கயித்தை விட்டுராதீங்க!" என்று பேச்சியம்மாள் எட்டி அவன் சட்டைக் காலரைப் பிடித்தாள். கழுத்து வரை நனைந்து, தும்மிக்கொண்டே கரையேறினான். தலையில் டப்பா பத்திரமாக இருந்தது.

அப்புறம் ஏற்றம். வழுக்குப் பாறை, முள், அட்டைக் கடி. அட்டையைப் பிடுங்க நின்றால் நாலு அட்டை கூடுதலாக ஏறியது. ஜெர்லின் நிற்கவே இல்லை. பாறை இடுக்கு ஒன்றின் வாசலில் சட்டென்று கையைத் தூக்கினாள்.

"ஷ்ஷ்... கேளுங்க!"

டிக். டிக். டிக்.

பாசி படர்ந்த பாறையில் அது ஒட்டிக்கொண்டு இருந்தது! தொண்டையை ஊதி ஊதிக் கத்தியது. ஜெர்லின் பீரங்கியை மாட்டினாள், குறி பார்த்தாள். லென்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது, கலங்கலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்த லென்ஸுக்கு ரெண்டு ஆள் தூரமாவது தள்ளி நின்றால்தான் பொருள் தெளியும். தள்ளி நிற்க இடம் ஏது? பின்னால் ஒரு எட்டு வைத்தாள், முதுகு பாறையில் முட்டியது. இடுக்குக்கு வெளியே போனாலோ தவளையே மறைந்தது.

"முட்டாள் நான்! சரியான முட்டாள்!" என்று பாறையில் குத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு வருஷ அலைச்சல் கண்ணெதிரே உட்கார்ந்து கத்துகிறது, எடுக்க முடியவில்லை என்றால் யாருக்குத்தான் அழுகை வராது?

சாகுல் டப்பாவைத் திறந்தான்.

"அம்பதும் இவ்வளவு கிட்டத்துல எடுக்காதே" என்றாள் அவள்.

"நேராப் பிடிச்சா எடுக்காது. திருப்பிப் பிடி."

"என்னது?"

"தாலி கட்டி முடிஞ்சதும் பொண்ணு வீட்டுல கேப்பாங்க, 'தாலியில இருக்கற வேலைப்பாடு தெரியணும் தம்பி'ன்னு. மேக்ரோ வாங்க எனக்கு எங்க வசதி? லென்ஸைக் கழட்டி, முன்பக்கத்தைக் கேமராவோட ஒட்டிக் கையால அழுத்திப் பிடிச்சுக்குவேன். தாலி பூதாகரமாத் தெரியும். இது பழைய லென்ஸ், வெளிச்சத் துவாரத்தையும் கையாலேயே சுருக்கிக்கலாம்."

"அப்போ நீயே எடு!"

"நானா? தவளை மேல குதிச்சா நான் ஓடையில குதிச்சுருவேன். நீயே எடு தாயே!"

லென்ஸைத் திருப்பிக் கேமராவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜெர்லின் குனிந்தாள்.

"எதையும் திருகாதே. உடம்பை முன்னே பின்னே அசைச்சுத் தெளிவாக்கு. நாலு விரல் தூரத்துக்குப் போ. மூச்சை அடக்கு."

நாலு விரல்! போன தடவை ஓடியது இவ்வளவு கிட்டத்தில் நிற்குமா? பயந்துகொண்டேதான் போனாள். தவளை அசையவில்லை, துணையைக் கூப்பிடும் மும்முரத்தில் அவளைச் சட்டை செய்யவே இல்லை. பேச்சியம்மாள் டார்ச் அடித்தாள். கிளிக். விரல் தெரிந்தது, பட்டை தெரியவில்லை. கிளிக். எல்லாமே கலங்கல்.

மழை கொட்டத் தொடங்கியது!

"ஏட்டி, தண்ணி ஏறுது! கிளம்பு!" என்றாள் பேச்சியம்மாள்.

திறந்து கிடக்கும் கேமராவுக்குள் ஒரு துளி போனாலும் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சாகுலுக்குக் கல்யாண வேலை இருந்தது. ஜெர்லின் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கே? எடு!" என்று அவன் துண்டை அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தான்.

தவளை முன்னங்காலை ஊன்றி எழும்பியது. வயிறு தெரிந்தது. கிளிக்!

"கிடைச்சிருச்சு!"

திரும்பும்போது ஓடை நெஞ்சு வரை ஏறியிருந்தது. முதலில் பேச்சியம்மாள், தலைக்கு மேல் பையோடு ஜெர்லின், பின்னால் சாகுல். ஒருவரையும் விடவில்லை, ஒன்றையும் விடவில்லை. இக்கரையில் மூன்று பேரும் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, கல்லூரியில் பேராசிரியர் வைகுண்டம் அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார். திரை நிறைய செம்மஞ்சள் பட்டை, விரல் நுனியில் ஒவ்வொரு குமிழும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பக்கத்து அறைப் பசங்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"எட்ட நின்னே எடுத்துரலாம்னு நினைச்சேன் சார். கிட்டப் போய் உக்காந்த பிறகுதான் கிடைச்சுது" என்றாள் ஜெர்லின்.

"பிரமாதம்! யாரும்மா அது, இந்தத் தவளையே இல்லைன்னு சொன்னது?"

"நீங்கதான் சார்."

அறையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, தலைப்பைத் திருத்தாமலே அவளுடைய ஆராய்ச்சி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.