கூடத்தில் வைத்த சாமந்தி

"அக்கா கார் சாரம் ஸ்டாப்பைத் தாண்டிடுச்சாம்! இன்னும் அந்த மண்ணை அள்ளி முடிக்கலியா நீ?"

தியரி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கத்தினான். மண்வெட்டியைத் தொட அவனுக்கு நேரமில்லை. கத்துவதற்கு மட்டும் இருந்தது.

கொளஞ்சி விடிந்ததிலிருந்து மூன்றாவது தடவையாகக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கப் பெருக்க மேலேயிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 'சொல்தா வீடு' எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்று வந்த தொமினிக்கின் வீடு. தியரி அவருடைய மகன். கொளஞ்சி, தவளக்குப்பம் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்கு வாழ வந்த மருமகள். வீட்டின் உத்திரத்தைக் கரையான் தின்றிருந்தது யாருக்கும் தெரியவில்லை. புரட்டாசி மழையில் ஒரு நாள் படுக்கையறைக் கூரை ஒரு மூலையில் பொத்தென்று இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் மாமனாரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள் கொளஞ்சி. இல்லாவிட்டால்... அதை அவள் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை.

இருபது நாளாக வீடு வீடாக இல்லை. எங்கே பார்த்தாலும் சவுக்குக் கம்பு, தார்ப்பாய், சிமெண்ட் மூட்டை. பெரியவரின் கட்டிலைக் கூடத்தில் போட்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன மனிதர். பேச்சு மெதுவாக வரும். ஆனால் தெளிவாக வரும். பகல் முழுக்க அவர் பார்ப்பதற்கு இருந்ததெல்லாம் பூச்சு கொத்திப்போட்ட செங்கல் சுவர்தான். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"இந்தச் சுவத்தைப் பாத்தா... தொண்டையில எறங்கலம்மா..." என்று கஞ்சிக் கிண்ணத்தை ஒதுக்கினார்.

அதனால்தான் நேற்று சாயங்காலம் அவள் கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மழை விட்டிருந்தது. அவள் வைத்த செடிகள்தான் அத்தனையும். மஞ்சள் சாமந்தியும் வெள்ளைச் சாமந்தியும் மழைக்குத் தலை சாய்ந்து பூத்திருந்தன. வேலியோரம் கோழிக்கொண்டை, வாடாமல்லி. காம்பை நீளமாக நறுக்கி, தண்ணீரில் படுகிற இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, பித்தளைச் சொம்பிலும் ஊறுகாய் ஜாடியிலும் காலி ஒயின் பாட்டில்களிலும் அடுக்கினாள். உயரமான கோழிக்கொண்டை பின்னால், சாமந்தி நடுவில், விளிம்பைச் சுற்றி வாடாமல்லி. ஜன்னலில் ஒன்று, சிமெண்ட் மூட்டை மேல் துணி விரித்து ஒன்று, மாமனாரின் தலைமாட்டு ஸ்டூலில் ஒன்று. முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்புகளில்கூட வாழைநாரால் கொத்துக் கொத்தாகக் கட்டினாள்.

பெரியவர் ஒவ்வொன்றையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "கஞ்சி இருக்குதாம்மா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னும் நூறு செடி வைக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

வாசலில் கார் நின்றது. நாத்தனார் ஜிஸ்லேன் வந்துவிட்டாள். பிரான்சுக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. கல்லறைத் திருநாளுக்குத் தாயின் கல்லறையில் பூ வைக்க வருடா வருடம் வந்துவிடுவாள். வந்தால் ஓட்டலில் தங்குவாள். தம்பி பெண்டாட்டி கையால் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டாள். இந்தத் தடவை கூரை விழுந்த செய்தி கேட்டு நேராக வீட்டுக்கே வந்திருந்தாள்.

"வாங்க அண்ணி..." என்று கொளஞ்சி முன்னால் போனாள்.

ஜிஸ்லேன் அவளைப் பார்க்கவில்லை. கூடத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"மோன் தியே... கடவுளே! யாரு... யாரு வச்சது இதை?"

"நான்தான் அண்ணி. மாமாவுக்கு..."

"பப்பா தலைமாட்டுல சாமந்தி! சுத்திச் சுத்திச் சாமந்தி! உயிரோட இருக்கிற மனுஷனுக்குக் கல்லறை கட்டி வச்சிருக்கியாடி?"

கொளஞ்சிக்கு ஒன்றும் புரியவில்லை. பின்கட்டில் கலவை போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரி காத்தவராயனும் சித்தாள் செல்வாம்பாளும் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"அங்க பிரான்சுல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், இந்தப் பூவ யாரும் வீட்டுக்குள்ள கொண்டு வர மாட்டாங்க! செத்தவங்களுக்கு மட்டும்தான் வைப்பாங்க! இன்னிக்குத் தேதி என்ன தெரியுமா? நாளன்னிக்குக் கல்லறைத் திருநாளு!"

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி... நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு இதானே... மாதா தேருக்குக்கூட இதானே கட்டுறாங்க..."

"தெரியாதா? எந்தம்பிய பிரான்சுக்கு அனுப்பாம முந்தானையில முடிஞ்சு வச்சுக்கத் தெரிஞ்சுது! இது மட்டும் தெரியாதா உனக்கு? எப்படா பப்பா போவாரு, வீடு எப்படா கைக்கு வரும்னு காத்துக் கெடக்குற... அதான் இப்பவே பூ வச்சு அழகு பாக்குற!"

தியரி நின்றிருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். கட்டிய பெண்டாட்டியைக் கொலைகாரி என்று சொல்கிறாள் அக்கா. அவனுக்குத் தரையில் என்ன வேலையோ!

இந்தப் பழி இன்று வந்ததில்லை. பதினாலு வருடத்துக்கு முன் ஜிஸ்லேன் அலைந்து திரிந்து தம்பிக்கு அங்கே ஒரு வேலை வாங்கி வைத்தாள். டிக்கெட் போட்டாகிவிட்டது. புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, 'எனக்குக் குளிர் ஒத்துக்காது, நான் வர மாட்டேன், அவரையும் விட மாட்டேன்' என்று கொளஞ்சி சொன்னதாகத் தகவல் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு போனிலும், ஒவ்வொரு வருகையிலும் அதே குத்தல்தான். கொளஞ்சி ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

"சிஸ்டருங்க நடத்துற முதியோர் இல்லத்துல பேசிட்டேன். இன்னிக்கே பப்பாவ அங்க கூட்டிட்டுப் போறேன். இந்தக் கல்லறையில ஒரு நிமிஷம்கூட விட மாட்டேன்!"

சொன்னதோடு விடவில்லை. ஸ்டூலில் இருந்த பித்தளைச் சொம்பைக் கையால் தட்டிவிட்டாள். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. பூக்கள் சிமெண்ட் தூளில் புரண்டன.

வேறு நாளாக இருந்தால் கொளஞ்சி உடனே குனிந்து துடைத்திருப்பாள். இன்று குனியவில்லை.

"போதும் அண்ணி."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ரெண்டு வருஷமா இவரத் திருப்பிப் படுக்க வைக்கிறது யாரு? குளிப்பாட்டுறது யாரு? முதுவுல ஒரு புண்ணு வந்திருக்குதான்னு பாருங்க! எங்க அம்மா செத்தப்பகூட, எடுத்த கையோட ஓடியாந்துட்டேன்... இவருக்கு யாரு சோறு ஊட்டுவாங்கன்னு! பூவு தெரியாம வச்சது தப்புதான். இதோ எடுத்துடறேன். ஆனா மாமா சாவட்டும்னு நெனச்சேன்னு சொன்னீங்களே... அந்தச் சொல்லை எங்க கொண்டுபோயிக் கொட்டுறது அண்ணி?"

தியரி இப்போதுதான் வாயைத் திறந்தான். "கொளஞ்சி... பெரியவங்க... ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சு போச்சு..."

கொளஞ்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சவுக்குக் கம்பிலிருந்த பூங்கொத்தை அவிழ்க்கப் போனாள். முடிச்சு அவிழவில்லை.

"எடுக்காத!"

பெரியவர் இடது கையால் கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார்.

"எடுக்காதம்மா... அது அங்கயே இருக்கட்டும். ஜிஸ்லேன்... நீ இங்க வா. பதினஞ்சு வருஷம் அந்த ஊர்ல சொல்தாவா இருந்தவன் நான். இந்தப் பூவு அங்க எதுக்குன்னு... எனக்குத் தெரியாதா? நேத்து அவ வச்சப்ப... எனக்கும் திக்குன்னுச்சு. சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அவ மொவத்தப் பாத்தேன்... சொல்லல."

மூச்சு வாங்கியது. கொளஞ்சி ஓடிப்போய் முதுகைத் தாங்கினாள்.

"உங்க மம்மாவுக்கு... வருஷா வருஷம் அவ்ளோ தூரத்துலேருந்து வந்து பூ வைக்கிற. நல்ல புள்ள நீ. ஆனா அவ பாத்தாளா? நான் பாத்தேன்மா... பாத்துட்டுக் கஞ்சி குடிச்சேன்!"

ஜிஸ்லேன் குறுக்கிட்டாள். "பப்பா, அது வேற... இவ உங்களையும் மயக்கி வச்சிருக்கா. தம்பிய அன்னிக்கு..."

"அதையும் சொல்றேன்."

"மாமா! வேணாம் மாமா... அத விடுங்க..." கொளஞ்சி பதறினாள்.

"நீ சும்மா இரும்மா. பதினாலு வருஷம் சும்மா இருந்தது போதும்!" பெரியவரின் கண் கலங்கியது. "தியரிய போவாதன்னு தடுத்தது நான். இவ இல்ல. பெட்டியெல்லாம் கட்டி வச்சிருந்தா இவ... கம்பளிச் சட்டைகூட வாங்கிட்டா. உங்க மம்மா போயி ஆறு மாசம்... இந்த வீட்டுல தனியா... எனக்குப் பயம் வந்துடுச்சு. இவகிட்ட அழுதேன். 'போவாதம்மா, போனா நான் செத்துடுவேன்'னேன். 'எம்பொண்ணுக்குத் தெரிஞ்சா பட்டாளத்துக்காரன் இப்படிக் கோழையா இருக்கானேன்னு கேவலமா நெனப்பா... அதனால உம்பேர்ல போட்டுக்கம்மா'ன்னு... நான்தான் கேட்டேன். போட்டுக்கிட்டா. இன்னி வரைக்கும் போட்டுக்கிட்டா!"

ஜிஸ்லேன் மெல்லத் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

தியரி ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தான்.

"தெரிஞ்சுமாடா...? ஒவ்வொரு தடவையும் நான் போன்ல இவளத் திட்டறப்ப 'ஆமாக்கா, அவ அப்படித்தான்'னு சொன்னியேடா!"

அதற்குமேல் அவளால் நிற்க முடியவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தான் தட்டிவிட்ட பூக்களைப் பார்த்தாள். முப்பது வருடமாகத் தலை நிமிர்ந்து மட்டுமே இந்த ஊருக்கு வந்து போனவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து வந்து கொளஞ்சியின் கையைப் பிடித்தாள்.

"பர்தோன் கொளஞ்சி... என்னை மன்னிச்சிடு. உன் கால்ல வேணும்னாலும்..."

கொளஞ்சி கையை விடுவித்துக்கொண்டாள்.

"கால்ல விழற பேச்செல்லாம் வேணாம் அண்ணி. ஆனா இதை இங்க எங்காதுல மட்டும் சொல்லாதீங்க. நீங்க என்னைச் சொன்னப்ப மேஸ்திரி கேட்டாரு. செல்வாம்பா கேட்டா. சாயங்காலத்துக்குள்ள தெருப் பூரா போயிடும், சொல்தா வீட்டு மருமவ மாமனார் சாவுக்குக் காத்திருக்கான்னு. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கடைக்குப் போவேன்? அவங்க முன்னாடி சொன்னீங்க. அவங்க முன்னாடியே திருப்பி எடுத்துக்கங்க."

தியரி, "கொளஞ்சி, இது ரொம்ப அதிகம்..." என்று ஆரம்பித்தான்.

"அதிகமில்ல," என்றாள் ஜிஸ்லேன். "கம்மி."

கண்ணைக்கூடத் துடைக்காமல் பின்கட்டுக்கு நடந்தாள். காத்தவராயன் சங்கடத்தோடு பூச்சுக் கரணையைக் கீழே வைத்தார்.

"அய்யோ, இன்னாத்துக்கும்மா... நாங்க ஒண்ணும் காதுல வாங்கல."

"வாங்கினீங்க மேஸ்திரி. இதையும் வாங்கிக்கங்க. இவளப் பத்தி நான் சொன்னது அத்தனையும் பொய்யி. எங்கப்பா இன்னிக்கு உயிரோட இருக்கறது இவளாலதான். தப்பு என்னுது... தெருவுல யாராவது கேட்டா இதைச் சொல்லுங்க."

செல்வாம்பாள் சும்மாட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்களுக்குத் தெரியாதாம்மா... இருவது நாளா பாத்துக்கினுதானே இருக்கோம்..." என்றாள்.

அப்போதுதான் கொளஞ்சிக்கு அழுகை வந்தது. பதினாலு வருடமாக வராத அழுகை! வாய் விட்டு, தோள் குலுங்க அழுதாள். ஜிஸ்லேன் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வெளிநாட்டுச் சட்டையெல்லாம் சிமெண்ட் ஒட்டியது. ஒட்டட்டும் என்று விட்டுவிட்டாள். இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அழுது முடித்ததும் கொளஞ்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாத்தனாரின் தோளைத் தாண்டி, வாசற்படியில் ஒட்டிக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"அண்ணி சொல்லிட்டாங்க. மாமாவும் சொல்லிட்டாரு. நீங்க எப்பங்க வாயத் தொறக்கப் போறீங்க?"

தியரி அக்காவைப் பார்த்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தான்.

"சொல்லுடா," என்றார் பெரியவர்.

அவன் தொண்டையைக் கனைத்தான். பிறகு மேஸ்திரி கேட்க, செல்வாம்பாள் கேட்க, பெற்றவர் கேட்க, பதினாலு வருடமாகத் தான் மறைத்ததைத் தன் வாயாலேயே சொல்லத் தொடங்கினான். நடுவில் இரண்டு முறை நிறுத்தினான். கொளஞ்சி அவனை நிறுத்த விடவில்லை. கடைசி வார்த்தை வரைக்கும் நின்று கேட்டாள்.