காலியாக ஏறிய கயிறு

படார்!

மலையே இரண்டாகப் பிளந்தது போல ஒரு சத்தம். நஞ்சன் கையிலிருந்த களி உருண்டை தரையில் விழுந்தது. குடிசைக்குப் பின்னால் செங்குத்தாக நின்ற தேன்பாறையின் அடியிலிருந்து புழுதி கிளம்பியது.

"மாமா, வெளிய வாங்க!" என்று அலறினாள் சுகந்தி. கல்லூரி விடுமுறைக்கு ஊர் வந்தவள், தாய்மாமனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அந்த ஊரில் நஞ்சனோடு பேசுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

புழுதி அடங்கியபோது பாறையில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு தெரிந்தது. உள்ளேயிருந்து பச்சிலைப் புகையின் வாசனை வந்தது. அதோடு ஒரு பாட்டு! தேன் எடுப்பவர்கள் கயிற்றில் தொங்கியபடி தேனீக்களைச் சாந்தப்படுத்தப் பாடும் பாட்டு.

நஞ்சன் பிளவருகே போய்க் காதைச் சாய்த்தான். "புள்ள... அது உங்கப்பன் குரலு."

சுகந்தி அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. அவள் தாய் வயிற்றில் இருந்தபோதே அவள் அப்பா மாதன் இந்தப் பாறையில் காணாமல் போனான். தேனுக்கு இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? அன்று கயிற்றைப் பிடித்தவன் நஞ்சன். கயிறு பாறையிடுக்கில் சிக்கிக்கொண்டது. இழுத்தான், இழுத்தான், வரவில்லை. பிறகு திடீரென்று லேசாகி மேலே வந்தது. நுனியில் ஆள் இல்லை. கீழே தேடினார்கள், உடலும் இல்லை. முடிச்சைச் சரியாகப் போடவில்லை என்றது ஊர். தங்கை ரங்கியும் முகம் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து இந்தப் பாறையடியில் அவன் தனி. 'சரியாகத்தான் போட்டேனா?' என்ற கேள்வி மட்டும் துணைக்கு.

நஞ்சன் கம்பளியை உதறித் தோளில் போட்டான். "நான் போயி அவனக் கூட்டிட்டு வாறேன்!"

"நானும்!" சுகந்தி டார்ச்சை எடுத்துக்கொண்டாள்.

குகை குறுகலாக மேல்நோக்கி ஏறியது. இருவரும் தவழ்ந்தார்கள். பாதி வழியில் சுகந்தி சட்டென்று நின்றாள்.

"மாமா, இது உதைக்குது. இந்தப் பொந்து அப்பா காணாமப் போன அந்த நாளுக்கே போகுதுன்னு வெச்சுக்கங்க. நீங்க அப்பாவக் காப்பாத்திட்டா அவரு காணாமயே போகல. நீங்க தனியாக் கெடக்கல. இந்தப் பொந்துக்குள்ள நுழையவே இல்ல. அப்புறம் அவரக் காப்பாத்துனது யாரு?"

"படிச்ச புள்ளைக்குக் கேள்விக்கா பஞ்சம்! கயிறு காலியா வந்துச்சு. பொணமும் கெடைக்கல. நடந்தது அவ்வளவுதான், எனக்குத் தெரியாதா?"

சுகந்தியின் கண்கள் விரிந்தன. "அப்படியே நடக்கட்டும் மாமா! கயிறு காலியாவே மேல போகட்டும். அப்பாவ மட்டும் உள்ள இழுத்துட்டா, நடந்தது எதுவுமே மாறாது!" உடனே குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மேல நிக்கிறதும் நீங்கதான். அந்த உங்களுக்கு ஒரு சத்தம்கூடக் கேக்கக்கூடாது."

குகை, பாறையின் நடுவயிற்றில் திறந்தது. கீழே, குடிசை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புல். கைக்கெட்டும் தூரத்தில் மாதன்! பாட்டு நின்றுவிட்டிருந்தது. காற்று திரும்பிப் புகையைக் கலைத்திருந்தது. பெருந்தேனீக்கள் கறுப்புப் போர்வையாக அவனை மூடியிருந்தன. தலை தொங்கிவிட்டது. மேலே கயிறு இடுக்கில் சிக்கி விறைத்து நின்றது.

"என் காலப் பிடி!"

கம்பளியைப் போர்த்திக்கொண்டு நஞ்சன் வயிறு வரை வெளியே நீண்டான். சுகந்தி அவன் கால்களைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தில் ஒரு கொட்டு! இமையில், கழுத்தில், உதட்டில்! எட்டி, மாதனின் இடுப்பைப் பற்றி, ஊஞ்சலைப் போலத் தன் பக்கம் இழுத்தான். விரல்கள் முடிச்சைத் தொட்டன. கல்லாக இறுகியிருந்தது. இத்தனை காலம் அவன் தூக்கத்தைத் தின்ற முடிச்சு! அதை அவனே பல்லால் கடித்து அவிழ்த்தான்.

மூவரும் உள்ளே உருண்டார்கள். கயிறு துள்ளியது. இடுக்கிலிருந்து விடுபட்டு, காலியாக மேலே ஏறியது.

பிறகு உச்சியிலிருந்து ஒரு கதறல்.

"மாப்ளே! ஐயோ, மாப்ளே!"

நஞ்சனின் சொந்தக் குரல். இளமையான குரல். இனி அந்தக் குரலுக்கு யாரும் பதில் சொல்லப்போவதில்லை. இதோ, கூப்பிடு தூரம்தான். 'இருக்கான்டா' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நஞ்சன் வாயைத் திறந்தான். சுகந்தி தடுக்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தலைத்துண்டை உருவிச் சுருட்டித் தன் வாயில் திணித்துக்கொண்டான். மாதனை இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் திரும்பினான். அந்த அழுகை வெகுதூரம் பின்னாலேயே வந்தது.

வெளியே நல்ல வெயில். பாறை பிளந்த சத்தம் கேட்டு ஊரே மேடேறி வந்துகொண்டிருந்தது, எல்லோருக்கும் முன்னால் ரங்கி. "அம்மா, ஓடி வா! யாரு வந்திருக்காங்கன்னு பாரு!" என்று சுகந்தி கத்தினாள். வீங்கிய இமைகளைப் பிரித்த மாதன், தன்னைவிடச் சில வயதே இளைய அந்தப் பெண்ணைப் புரியாமல் பார்த்தான். பிறகு, எதிரே இருந்த நரைத்த தாடிக்காரரை.

"உசுரக் குடுத்தீங்க, பெரியவரே. ஆனா மேல என்ற மச்சான் அழுதது அரை மயக்கத்துலயும் கேட்டுச்சு. நான் இருக்கேன்னு அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? பாவமுங்க அவரு."

"சொல்லியிருந்தா உன்னத் தேடி வர நான் இருந்திருக்க மாட்டேனே, மாப்ளே."